ஆளில்லாத அறையில் குளவிக்கூடு

தம்பி,

நீயும் நித்யாவும் அங்கே கனடாவில் சௌக்கியம் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், உன் அப்பாவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேச வராது. நிலக்கரி மைன்ஸில் ஆயுசு முழுக்க மிஷின் சத்தத்தில் நின்ற காது, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ "அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்கப்பா" என்று சொன்னது, வாசலில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து நேராக அடுப்படிக்கு வந்தது. எதிர்வீட்டுத் தனலட்சுமிக்கும் கேட்டிருக்கும். அவள் கேட்காத மாதிரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கே அவ்வளவு நாசூக்கு இருக்கும்போது எனக்கு இருக்காதா? நானும் கேட்காத மாதிரி மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றுமே இல்லை, சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

நித்யா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். எல்லாம் திடமாகத் தெரிகிறவரை அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. "அவங்க திரும்பக் குளவி, கூடுன்னு ஆரம்பிச்சா நித்யா தாங்கமாட்டாப்பா" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளிடம் மறைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று அன்றைக்கு உன் அப்பாவுக்குக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அவரும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். அந்த மனுஷன் டம்ளர் கழுவுகிறார் என்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம். பிறகு மெல்ல யோசித்தேன். நீ சொன்னதில் தப்பில்லை. போனில் பேசினால் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நித்யா வேறு பக்கத்துப் பெண், அவளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் அங்கே ஒருத்தி உண்டாகியிருக்கிறாள், இல்லை உண்டாகப் போகிறாள் என்பது நம் நம்பிக்கை. அதை யாரும் உடைக்கமாட்டார்கள். ஒட்டடை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்போம். மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், என்னைப் போல உள்ளூர்க்காரர் என்று எல்லாரும் கலந்து கிடந்தோம். சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதற்கே சண்டை வரும். குளவிக்கூட்டில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. அப்போதெல்லாம் கூடு என்பது அபூர்வம். வெளியே செம்மண் இருந்தது, வேலி இருந்தது, பலா மரம் இருந்தது, பாத்திரம் துலக்கிய தண்ணீர் ஓடுகிற கால்வாய் இருந்தது. குளவிக்கு வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. என்றைக்காவது ஒன்று உள்ளே வந்து கட்டிவிட்டால், பிளாக்கில் இருக்கிற பெண்களெல்லாம் காபித்தூள் கடன் கேட்கிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து ஊரில் இந்த வீட்டைக் கட்டியபோது நீ காலேஜில் இருந்தாய். மூன்று பக்கமும் முந்திரித் தோப்பு. பொழுது சாய்ந்தால் தோப்புக்குள் மின்மினி மினுக்கும். நீ லீவுக்கு வந்தபோது "பயமா இருக்கும்மா, இங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் தெருவிளக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று கைதட்டினோம். அதற்குப் பிறகு மின்மினி வரவில்லை என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. தோப்பு ப்ளாட் ஆனது, ப்ளாட் வீடானது. எல்லாரும் நம்மைப் போல ரிட்டயர் ஆனவர்கள். வாசலில் சேறு ஆகிறதென்று ஒருத்தர் இன்டர்லாக் கல் போட்டார், அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். நாங்களும்தான் போட்டோம், ஊரை மட்டும் சொல்லி என்ன செய்ய. இன்றைக்கு மழை பெய்தால் செருப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டாது, அத்தனை சுத்தம்.

தோப்பில் இருந்ததெல்லாம் எங்கே போகும்? பாதி செத்திருக்கும். மிச்சம் எங்களிடம் வந்துவிட்டது. காகம் நம் செல்போன் டவர் பக்கத்துத் தென்னையில் கூடு கட்டியது, அதில் பேருக்கு ஒரு குச்சி கிடையாது. முழுக்கக் கட்டுமான இடத்தில் கிடக்கிற கட்டுக்கம்பி. "இந்தக் காக்காவும் மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆள் மாதிரிதான், பெர்மனென்ட் ஆகாது" என்று உன் அப்பா சிரித்தார். மயில் எதிர்வீட்டு ஓவர்ஹெட் டேங்கில் ஏறி நின்று கத்துகிறது. மயிலை அழகு என்று சொல்கிறவர்கள் அது கத்துவதைப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்ட பிள்ளை கத்துகிற மாதிரியே இருக்கும். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அப்பா தட்டில் ஈ உட்காராமல் மூடி வைத்திருந்தார்.

குளவியும் அப்படித்தான் வந்தது. முதலில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கூடு. நான் சிரித்தேன், இந்த வயதில் எனக்கா என்று. அப்புறம் பூஜை அறை சாவித்துவாரத்தில், பிளக் பாயிண்ட் ஓட்டையில், பிளாஸ்டிக் நாற்காலியின் காலுக்குள், அப்பா ஞாபகத்துக்கு மாட்டி வைத்திருக்கிற மைன்ஸ் ஹெல்மெட்டுக்குள். துவைக்கிற கல்லுக்கு அடியில் நான் கல் பதிக்க விடாமல் ஒரு முழம் மண்ணை விட்டு வைத்திருக்கிறேன், கருவேப்பிலைக்காக. தெருவிலேயே ஈரமண் அங்கே மட்டும்தான் இருக்கிறது. குளவிகள் அத்தனையும் அங்கே வந்து இறங்கி, வாயால் மண்ணை உருட்டி எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போகும். அப்போது எனக்கு இது புரியவில்லை. சகுனம் என்றே பார்த்தேன்.

நான் மட்டும் இல்லை. இந்தத் தெருவைக் கொஞ்சம் நினைத்துப் பார். எல்லா வீட்டிலும் மாடி, எல்லா மாடியிலும் பிள்ளைக்கென்று ஓர் அறை, எல்லா அறையும் பூட்டு. கீழே இரண்டு கிழடுகள். எங்களில் யாருக்கும் இனிமேல் பிள்ளை பிறக்காது. ஆனால் குளவி கட்டாத வீடு ஒன்றுகூட இல்லை, பூட்டின அறையில்தான் அதிகம் கட்டுகிறது. எங்களுக்கு வேறு என்ன தோன்றும் சொல்? எல்லாரும் போனை எடுத்துப் பிள்ளைகளைக் கேட்க ஆரம்பித்தோம். தனலட்சுமி பெங்களூரில் இருக்கிற மகளைக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் மூத்தவன் மீசை முளைத்து நிற்கிறான். "ஏம்மா, எனக்கு இன்னா வயசுன்னு தெரிஞ்சுகினுதான் கேக்குறியா?" என்று அவள் திட்டிவிட்டாளாம். தனலட்சுமி என்னிடம் வந்து சொன்னாள்: "அதுக்கு வரலன்னா யாருக்குத்தாங்க்கா வந்துகினு இருக்குது இத்தினி கூடு? எங்க வூட்டு மாடியில நாலு மூலையிலும் இருக்குதே!" நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது.

உன் அறையில் அந்தச் சத்தம் முதலில் கேட்டது மாசி மாதம். மத்தியானம், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மாடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு பாட்டு முனகுகிற மாதிரி இருந்தது. நின்று நின்று வந்தது. தம்பி, உண்மையைச் சொல்கிறேன், நீ வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். சொல்லாமல் வந்து தூங்குகிறான் என்று படியேறி ஓடினேன். பூட்டைத் திறந்தால் யாரும் இல்லை. ஸ்லைடிங் ஜன்னல் ஓடுகிற தடத்தில் ஒரு குளவி மண் அப்பிக்கொண்டிருந்தது. அப்பும்போது அது அப்படி முனகும். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாகக் கிடந்த அறையில் ஏதோ ஒன்று வேலை செய்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து அந்த ஜன்னலை நான் தொடவில்லை, குளவியும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கேயே கட்டிக்கொண்டிருந்தது.

கனடா கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் சொல்லிக்கொள்ள வந்தீர்கள், கத்திரி வெயிலில். ஜன்னலைத் திறக்காதீர்கள், ஏசி போட்டால் அந்த அதிர்வில் கூடு விழுந்துவிடும் என்று சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பெண் வேர்த்து ஒழுக அந்த அறையில் படுத்தாள். மறுநாள் காலையில் "அத்தை, அந்தக் கூட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்ல சேதி வரப்போகுதும்மா, அதான் உங்க ரூம்லயே கட்டியிருக்கு" என்று அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முகம் எப்படி ஆனது என்பதை நான் கவனிக்கவில்லை. என் சந்தோஷத்தில் நான் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஜன்னல் இழுபடுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கூடு தரையில் உடைந்து கிடந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள். குளவி தன் குஞ்சுக்குத் தீனியாகக் கொட்டி மயக்கி அடைத்து வைத்தவை. சாகாமல், நகரவும் முடியாமல், லேசாக நெளிந்துகொண்டிருந்தன. நடுவில் அரிசி மாதிரி வெள்ளையாக அந்தக் குஞ்சு. நித்யா அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். "உடைச்சுட்டியே! ஒரு தாய் கட்டினதுன்னு தோணலையா உனக்கு?" என்றேன். அவள் அழுதாள். நீ அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாய். மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் கிளம்பினீர்கள். கேட்டில் நின்று என்னிடம் நீ மெல்லத்தான் சொன்னாய். "ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சும்மா. பங்குனியில. உங்களுக்குச் சொல்லல." காரை எடுத்துவிட்டாய். தனலட்சுமி வீட்டு டேங்கில் மயில் கத்தியது.

அன்றிலிருந்து நித்யாவின் குரலை நான் கேட்கவில்லை. நீ பேசும்போது பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும், அது அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீ பிறக்கப்போகிறாய் என்று குளவி சொன்ன கதையை, சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். குவார்ட்டர்ஸ் ஹாலில் காலண்டருக்குப் பின்னால் சிவப்பு மண்ணில் கட்டிய கூடு, பார்க்க வந்த பெண்கள், அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. ஸ்கூலில்கூட நீ எழுந்து நின்று அதைச் சொன்னாய், டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தக் கூடு உனக்காகக் கட்டியது இல்லை, தம்பி. உனக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். ஏழாம் மாதம் பிறந்தாள், அழவே இல்லை. அவளுக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. நீ வயிற்றில் இருந்தபோது வீட்டில் ஒரு கூடும் கிடையாது. நான் விடவில்லை. எப்போதாவது உள்ளே எட்டிப் பார்த்த குளவியையும் ஈரத்துணியை வீசி விரட்டினேன். அக்கம்பக்கத்தார் தப்பு என்றார்கள், நான் கேட்கவில்லை. நீ பிறந்தாய். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரிடமும் பேச வழியில்லை, வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. எனக்கோ அந்தக் கூட்டைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பெயரை வைத்து அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் "அப்புறம்?" என்று கேட்பாய், நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

அவளை என் அப்பாவின் முந்திரித் தோப்பில்தான் அடக்கம் செய்தார்கள். பிற்பாடு மைன்ஸ் பள்ளம் அந்தப் பக்கம் நகர்ந்தது, தோப்பும் அதோடு போனது. உன் அப்பா வேலை பார்த்தது மேல்மண்ணை வெட்டி எடுக்கிற மிஷினில். அந்தத் தோப்பின் முறை வந்த வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டார். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்றைக்கு அங்கே எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளம். வெட்டிய மண்ணெல்லாம் மலை மாதிரி எங்கெங்கோ குவிந்து, அதன்மேல் மரமும் வைத்தாயிற்று. எந்த மேட்டில் எந்தத் தோப்பின் மண் என்று சொல்ல யாராலும் முடியாது. நம் வீட்டுத் துவைக்கிற கல்லடி மண்கூட லாரியில் வந்து கொட்டியதுதான். குளவி அதை உருட்டி எடுத்துப் பறக்கும்போது நான் அதன் வாயையே பார்ப்பேன். யார் தோப்பு மண்ணைக் கொண்டுபோகிறாயோ என்று தோன்றும். இதை இதுவரை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆக, குளவி பொய்த்துப் போகும் என்று எனக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசினேன். அறை காலியாகக் கிடந்தது, அதில் ஒரு சத்தம் வந்தது, நான் மயங்கிவிட்டேன். இப்போது தினமும் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். குளவி எங்களுக்குச் சேதி சொல்ல வரவில்லை. வெளியே அதற்கு மண் இல்லை, மறைவு இல்லை, மரப்பொந்து இல்லை. எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் பிள்ளைகளின் அறைதான், அதனால் அங்கே வருகிறது. தனலட்சுமியிடம் இதைச் சொன்னேன். "அப்ப இனிமே புள்ளைங்களுக்கு இன்னாத்த சொல்லிகினு போன் பண்றது?" என்று கேட்டாள். சாப்பிட்டியா என்று கேள், போதும் என்றேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். புத்திமதி என்று வைத்துக்கொண்டாலும் சரி. போன குழந்தையைப் பற்றி நித்யா பேசினால் வாயை மூடாதே. "விடு, அடுத்தது வரும்" என்று சொல்லாதே. உன் அப்பா தங்கமான மனுஷன், ஆனால் அன்றைக்கு அதைத்தான் சொன்னார். அதோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அறை பூட்டிக்கொண்டது. அவள் பேசாவிட்டால் நீ பேசு. பங்குனியில் என்ன நடந்தது, எங்கே இருந்தீர்கள், அவள் என்ன சாப்பிட்டாள், எதையாவது பேசு. இந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று நான் இரண்டு வேளையும் கும்பிடுகிறேன். அது அவளுக்குத் தெரியவேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். நீங்களாகச் சொல்கிற அன்றைக்கு, இதுவரை தெரியாத மாதிரி கூச்சல் போட்டுச் சந்தோஷப்படுவேன். எனக்கு நடிக்க வராது என்று அப்பா சொல்கிறார். பார்ப்போம்.

நித்யாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, எனக்குச் சேதி தெரியும் என்கிற இடத்தை மட்டும் விட்டுவிடு. அவள் உடைத்தது வெறும் மண் என்று சொல். அத்தை கத்தியது அவளைப் பார்த்து இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது பொய். அவளைப் பார்த்துத்தான் கத்தினேன். அதற்கு அவள் என்னை மன்னிக்கவேண்டும். மனம் வந்தால் ஒரு நாள் போனை வாங்கி, அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

உன் அறை ஜன்னலை எண்ணெய் போட்டுச் சரிசெய்தோம், இப்போது விரலால் தள்ளினாலே திறக்கிறது. ஏசியும் ஓடுகிறது, அப்பா வாரம் ஒருமுறை போட்டுப் பார்க்கிறார். காலையிலிருந்து மழை விட்டு வெயில் அடிக்கிறது, துவைக்கிற கல்லடியில் மண் நல்ல பதமாக இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மாடியில் அந்த முனகல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பாவுக்குக் கேட்காது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது. இரண்டு தடவை எழுந்து படிவரை போய்விட்டேன், தம்பி. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் மேலே போய்ப் பார்க்கமாட்டேன்.

அம்மா